பேராதனையில் இளங்கதிர் தேடி

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் புறப்பட்ட இரவுப் பேருந்தில், குளிரூட்டி உண்டு என்று கூடுதல் கட்டணம் வாங்கிவிட்டு, வவுனியா தாண்டியதும் அதை நிறுத்திவிட்டார்கள். யன்னல் திறக்க வழியில்லாத வண்டியில் மாத்தளை வரை வியர்த்து வழிந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. கண்டியில் இறங்கினால், பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு ஓட்டோக்காரர் ஒருவர் கேட்ட தொகை அந்தப் பேருந்துக் கட்டணத்தில் பாதி. மாணவர் எவரும் அதைக் கொடுக்க வேண்டாம். பேராதனைப் பேருந்தில் ஏறிக் கலஹா சந்தியில் இறங்கி, மரநிழலில் நடந்தே நூலகத்தை அடையலாம். மிஞ்சும் காசு போட்டோக் கொப்பிக்கு உதவும்.

நான் பார்க்கப் போனது இளங்கதிரை. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கி 1952இல் பேராதனைக்கு இடம் மாறியது. அதன் தமிழ்ச் சங்க மாணவர்கள் 1940களின் இறுதியிலிருந்து வெளியிட்டுவந்த ஆண்டு மலர் அது. நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதி சட்டப்படி வந்து சேரும் நூலகங்களுள் பேராதனையும் ஒன்று.

மேசைக்கு வந்த பழைய இதழ் வெறும் தேநீரின் நிறத்தில் இருந்தது. தைத்த கம்பி துருவேறி, நடுப்பக்கத்தில் இரண்டு செம்மறுக்களைப் பதித்திருந்தது. மலிவுத் தாளின் மரக்கூழில் தங்கிய அமிலம் உள்ளிருந்தே அரிப்பதால் ஓரங்கள் தொட்டாலே உதிர்கின்றன. ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே உள்ளங்கையைக் கொடுத்துத்தான் திருப்பினேன். கடை விளம்பரங்களைத் தாண்டினால் ஆய்வுக் கட்டுரைகளுக்கு நடுவே விருத்தங்களும் வெண்பாக்களும். சில இடங்களில் தளை தட்டுகிறது, அதாவது யாப்பு பிசகுகிறது. அந்த இடங்களைத்தான் நான் மீண்டும் மீண்டும் படித்தேன், ஏனெனில் இருபது வயதில் ஒருவர் எதை நம்பினார், எந்த மூத்த கவிஞரின் குரலை இரவல் வாங்கினார் என்பதை, திருத்தி அச்சிட்ட பிற்காலத் தொகுப்புகள் காட்டுவதே இல்லை. பின்னாளில் பெயர்பெற்ற விமர்சகர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் 1950களில் இங்கே மாணவர்கள். நாவலாசிரியர் செங்கை ஆழியான் 1960களின் தொடக்கத்தில். இங்கே பேராசிரியராயிருந்த கணபதிப்பிள்ளை பேச்சுத் தமிழில் எழுதிய நாடகங்களையும், பேராசிரியர் வித்தியானந்தன் நெறிப்படுத்திய கூத்துகளையும் மேடையேற்றிய மாணவர் கூட்டமும் இதுவே. ஈழத்து இலக்கிய வரலாற்றை எழுதுவோர் பெரிய இதழ்களை மட்டும் புரட்டிவிட்டு மாணவர் மலர்களை அடிக்குறிப்போடு விட்டுவிடுவது பெரும் குறை என்பது என் உறுதியான கருத்து.

யாழ்ப்பாணத்திலிருந்து போன எனக்கு இந்தத் தாள்களின் பெறுமதியை எவரும் விளக்க வேண்டியதில்லை. 1981இல் எங்கள் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓரிடத்தில் மட்டும் இருந்த பிரதி எதுவோ அது அன்றோடு போயிற்று. அப்படியிருந்தும் மலர் வெளியிடும் மாணவர் சங்கங்கள் பல, விழா மேடையில் பிரதிகளை வழங்கி முடித்ததோடு கடமை தீர்ந்தது என்று இன்றும் இருக்கின்றன.

போக விரும்புவோர் முதலில் ஈழத்து நூல்களை மின்வடிவில் தரும் ‘நூலகம்’ (noolaham.org) என்ற இணையத்தளத்தைப் பாருங்கள். இளங்கதிர் இதழ்கள் பல அங்கே இலவசமாக உள்ளன. அங்கு இல்லாத ஆண்டுகளைக் குறித்துக்கொண்டு, உங்கள் கல்வி நிறுவனத்தின் கடிதத்துடன், முன்கூட்டியே அனுமதி கேட்டுப் போனால் பயணச் செலவு வீணாகாது. இரவுப் பேருந்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.