உள்ளேன் ஐயா

23 மே 2024, வியாழன்

ஆப்பிள் மியூசிக்கின் சிறந்த நூறு ஆல்பங்கள் பட்டியலில் முதலிடம் 'த மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்' என்று நேற்று அறிவித்துவிட்டார்கள். பட்டியல்களை நான் பொருட்படுத்துகிறவன் அல்லன்; ஆனால் 1998 ஆகஸ்ட் 25 அன்று வெளிவந்த ஒரு பெண் ராப்பரின் ஆல்பத்தை முழுதாகக் கேட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்பது உறைத்தது. இரவு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். ஆல்பத்தின் தொடக்கத்தில் பள்ளி மணி அடிக்கிறது, ஆசிரியர் பெயர்களை வாசிக்க, பிள்ளைகள் 'உள்ளேன் ஐயா' சொல்வதுபோல் ஒவ்வொருவராகப் பதில் தருகிறார்கள், லாரின் ஹில் என்ற பெயருக்கு மட்டும் பதில் வரவில்லை.

24 மே, வெள்ளி

அந்த ஆசிரியர் குரல் ராஸ் பராக்காவுடையது. பின்னாளில், 2014இல், நியூவர்க் நகரின் மேயரானவர் அவர். ஹில்லின் வீட்டிலேயே சிறுவர் சிறுமியரை உட்காரவைத்துக் காதலைப் பற்றிப் பேசவிட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். எழுதிக் கொடுத்த வசனமென்றால் சிரிப்பு இப்படி ஒன்றன்மேல் ஒன்று விழாது. ஆல்பத்தின் பெயர், கார்ட்டர் ஜி. உட்சன் கறுப்பின மக்களின் கல்வி குறித்து 1933இல் எழுதிய நூலின் தலைப்பை நினைவூட்டுகிறது.

26 மே, ஞாயிறு

தான் அங்கம் வகித்த ஃபியூஜீஸ் ராப் குழுவின் 1996 ஆல்பம் பெருவெற்றி பெற்ற பிறகு, குழுவிலிருந்து விலகி நின்று, கருவுற்றிருந்த நாட்களில் இந்தப் பாடல்களை எழுதத் தொடங்கியிருக்கிறார் ஹில். 1997 ஆகஸ்டில் மகன் சயான் பிறந்தான். குழந்தை வேண்டாம், தொழிலைப் பார் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னதை மகனின் பெயரைத் தாங்கிய பாடலிலேயே அவர் சொல்லிவிடுகிறார். கார்லோஸ் சந்தானாவின் கிட்டார் முன்னே நடக்க, அடியில் அணிவகுப்புக்கு அடிப்பதுபோல் ஸ்நேர் டிரம் உருள்கிறது; தாலாட்டாகியிருக்க வேண்டிய பாட்டு படையெடுப்பாகிவிடுகிறது.

பதிவின் ஒரு பகுதி நியூயார்க்கின் சுங் கிங் ஸ்டூடியோவிலும், இன்னொரு பகுதி ஜமைக்காவின் கிங்ஸ்டனில், பாப் மார்லி நிறுவிய டஃப் காங் ஸ்டூடியோவிலும் நடந்தது. குரலில் உள்ள கீறல் கேட்க வேண்டும், ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரெஸர் போட்டு மழுப்பிவிடக் கூடாது என்பது ஹில்லின் பிடிவாதம். பதினைந்து ஆண்டுகளாக ஒலிப்பதிவு செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாடகர் மைக்கை நெருங்கும்போதும் விலகும்போதும் ஒலியளவு ஏறி இறங்குவதை அப்படியே விட்டுவைக்கத் துணிச்சல் வேண்டும்.

29 மே, புதன்

இன்று ஆல்பத்தின் உறையில் உள்ள பெயர்களைப் படித்தேன். எழுத்து, தயாரிப்பு, இசைக்கோவை எல்லாவற்றிலும் ஹில்லின் பெயரே முன்னிற்கிறது. 1998 நவம்பரில், உடன் உழைத்த நியூ ஆர்க் என்ற இசைக் குழுவைச் சேர்ந்த நால்வர், பல பாடல்களின் ஆக்கத்தில் தங்களுக்குரிய பங்கு மறுக்கப்பட்டது என்று வழக்குத் தொடுத்தார்கள்; 2001 பிப்ரவரியில் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது.

யார் பக்கம் நியாயம் என்று என்னால் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆனால் சண்டை எங்கே முளைக்கிறது என்பது தெரியும். பாடகி தேநீர் குடிக்கும் இடைவெளியில் கீபோர்டுக்காரர் சும்மா விரலோட்டும் நான்கு சுரங்கள், அரைமணி நேரத்தில் பல்லவியின் முதுகெலும்பாகிவிடும். அதைக் கேட்டுப் பிடித்து, 'இதுதான், இதையே வாசியுங்கள்' என்றவரும் ஆக்கியவர்தானே? அன்றே காகிதத்தில் பங்கைக் குறித்துக் கையெழுத்து வாங்காவிட்டால், ஆல்பம் விற்ற பிறகு இருவரின் நினைவும் இருவேறு கதை சொல்லும். நானே சென்ற ஆண்டு ஒரு பேஸ் கலைஞரின் பெயரை விட்டுவிட்டேன். அவர் சண்டை போடவில்லை. அழைத்தால் வருவதும் இல்லை.

பியானோ வாசித்தவர்களில் ஜான் ஸ்டீவன்ஸ் என்று ஒரு கல்லூரி மாணவர் இருக்கிறார். இப்போது உலகம் அவரைப் பாடகர் ஜான் லெஜண்ட் என்கிறது.

2 ஜூன், ஞாயிறு

முதல் வாரத்திலேயே 4,22,000க்கும் மேற்பட்ட பிரதிகள் விற்று, அமெரிக்க ஆல்பங்களின் பில்போர்ட் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது ஆல்பம். 1999 பிப்ரவரி கிராமி இசை விருது விழாவில் ஹில்லுக்குப் பத்துப் பரிந்துரைகள், ஐந்து விருதுகள். ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற விருது ஹிப்-ஹாப் ஆல்பம் ஒன்றுக்குக் கிடைத்தது அதுவே முதல்முறை. 2021இல் அமெரிக்காவில் 1 கோடிப் பிரதிகளுக்கான வைரச் சான்றும் கிடைத்தது; பெண் ராப்பர்களில் அதை முதலில் பெற்றவர் அவரே.

அடுத்த ஸ்டூடியோ ஆல்பம் மட்டும் இன்றுவரை வரவில்லை. 2001 ஜூலையில் எம்டிவி தொலைக்காட்சிக்காகப் பதிவான மேடை நிகழ்ச்சி ஒன்றுதான் உண்டு. அதைத்தான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு கிட்டார், ஒரு கரகரத்த குரல். வழக்கு முடிந்து ஐந்தே மாதங்கள். உடன் வாசிக்க யாரும் இல்லை. பெயரைப் பங்கிட்டுக்கொள்ளவும் யாரும் இல்லை. விமர்சகர்கள் பலர் அன்று இதைக் கடிந்துகொண்டார்கள். முதல் தட்டு முடிந்துவிட்டது. இரண்டாவதை நாளைக்கு வைத்திருக்கிறேன்.