கடைசிப் பதினொரு செக்கன்

அந்தப் பாடசாலைக் கூடைப்பந்து மட்சில் பதினான்காம் இலக்க ஆட்டக்காரனை வெளியே எடுத்தது சரியான முடிவு. அதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். எழுதிக்கொண்டு போகும்போது மனம் மாறினால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

58–56, நாங்கள்தான் முன்னுக்கு. பதினொரு செக்கன் மிச்சம். எதிர்ப்பக்கம் டைம் அவுட் எடுத்துவிட்டுப் பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே போடப்போகிறது. தூரத்திலிருந்து குறி தப்பாமல் எறிகிற பெடியன்கள் அவர்களிடம் மூன்று பேர். ஒரு மூன்று புள்ளி விழுந்தால் எங்கள் கதை முடிந்தது. எங்கள் பதினான்கு ஆறடி மூன்று அங்குலம். வளையத்துக்குக் கீழே அவன் நின்றால் மற்றவனுக்குப் பந்து கிடைப்பது கஷ்டம். ஆனால் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே ஓடிப்போய் மறிக்கச் சொன்னால், அவன் போய்ச் சேர முன்னம் பந்து கையை விட்டுப் போயிருக்கும். அவனை இருத்திவிட்டு ஏழாம் இலக்கத்தை இறக்கினேன். இப்போது உள்ளே நிற்கிற ஐந்து பேரும் ஓடக்கூடியவர்கள், யாரும் யாரையும் மாறிப் பிடிக்கலாம்.

நினைத்ததுதான் நடந்தது. எறிய இடம் கிடைக்காமல் அந்தரப்பட்டு எறிந்தான், விழவில்லை. பந்து வளையத்தின் முன்விளிம்பில் தட்டி நேரே கீழே இறங்கியது. பதினான்கு வழக்கமாக நிற்கிற இடம் அது. அன்றைக்கு அங்கே நின்றது ஏழு. அவனுடைய தலைக்கு மேலால் அவர்களின் நெட்டையன் பந்தைப் பிடுங்கிப் போட்டான், ஏழு அவனுடைய கையில் தொங்கினான், விசில். கூடையும் சரி, அதோடு பவுலுக்காக ஒரு ப்ரீ த்ரோ, மறிக்க ஆளில்லாத ஒரு புள்ளி எறிதல். அதுவும் விழுந்தது. 59–58.

கோச் வேலை என்பது எறிதல் விழுமா விழாதா என்று பார்ப்பதல்ல, எறிகிறவனுக்கு வசதி கொடுக்காமல் விடுவது. அதைச் செய்தேன். மிச்சம் பந்தின் விருப்பம். இப்படித்தான் எனக்கு நானே நெடுநாளாகச் சொல்லிவருகிறேன்.

இந்த மட்சுக்கு ஒரு மாதம் முந்தி, 2013 ஜூன் 19, புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு இன்டர்நெட் டொங்கிளைக் குத்திக்கொண்டு இருந்தேன். அமெரிக்காவில் அது செவ்வாய் இரவு. அங்கத்தைய தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயின் இறுதித் தொடர், ஆறாவது ஆட்டம், எதிரில் மியாமி ஹீட். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் மூன்றுக்கு இரண்டு என்று முன்னுக்கு நிற்கிறது, அன்று வென்றால் கிண்ணம். எனக்கு ஸ்பர்ஸில் அப்படி ஒரு பைத்தியம். அந்த சீசனில் 58 வெற்றி, 24 தோல்வி. அதைவிட எனக்குப் பிடித்தது அவர்களின் கோச் கிரெக் பொப்பவிச்சின் பிடிவாதம். முந்திய நவம்பரில் இதே மியாமி ஹீட்டோடு மட்ச் இருக்க, டங்கன், பார்க்கர், ஜினோபிலி, கிரீன் என்று முக்கியமான நாலு ஆட்டக்காரரையும் இளைப்பாறட்டும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். லீக் அவருடைய கழகத்துக்கு 250,000 டொலர் தண்டம் அடித்தது. மனிசன் அசையவில்லை.

அன்றைக்கு 28 செக்கன் இருக்க ஸ்பர்ஸ் ஐந்து புள்ளி முன்னுக்கு. கிண்ணம் கொடுக்கிற சடங்குக்காக மஞ்சள் கயிற்றைக்கூட மைதான ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பொப்பவிச் டிம் டங்கனை இருத்துகிறார். 37 வயது டங்கன், அன்று மட்டும் 30 புள்ளி, 17 ரீபவுண்ட் (விழாமல் துள்ளுகிற பந்தைப் பிடிப்பது). தூரத்து எறிதலை மறிக்க ஓடக்கூடிய ஆட்கள் வேண்டும் என்பது கணக்கு. மியாமியின் லெப்ரோன் ஜேம்ஸ் எறிந்தார், தவறியது. பந்து திரும்பவும் அவர்கள் கைக்கே போனது, இரண்டாவது தரம் விழுந்தது. பிறகு 95–92. அப்போதும் டங்கன் பெஞ்சில். லெப்ரோன் மறுபடி தவறவிட, கிறிஸ் பொஷ் ரீபவுண்டை எடுத்து வலது மூலையில் நின்ற ரே அலனுக்குக் கொடுத்தார். 5.2 செக்கன் இருக்கும்போது சமநிலை. மேலதிக நேரத்தில் 103–100, மியாமி. இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டமும் போய்விட்டது. அதன் கடைசி நிமிடத்தில் கிட்ட நின்று போட்ட பந்தைத் தவறவிட்ட டங்கன், குனிந்து இரண்டு கையாலும் தரையை அறைந்தார்.

இதைப் பார்த்த ஒருவன் ஒரு மாதத்தில் அதையே ஏன் செய்தான் என்று கேட்பீர்கள். அந்த ஒரு மாதமும் நான் ஆசிரியர் அறையில் பொப்பவிச்சுக்காக வழக்காடிக்கொண்டிருந்தேன். கணிதம் படிப்பிக்கிறவர் ஒருவர் விடவேமாட்டார். "மூன்று புள்ளி முன்னுக்கு நிண்டால் பவுல் அடிச்சு ரெண்டு ப்ரீ த்ரோவைக் குடுத்துப்போட்டு அலுவலைப் பார்க்கிறதுக்கு, உயரமான ஆளையும் எடுத்து, பவுலும் அடிக்காமல், இதென்ன விளையாட்டு?" நான் சோக்கை எடுத்துப் பலகையில் படம் கீறி விளங்கப்படுத்தியிருக்கிறேன். முடிவு வேறு, விளைவு வேறு என்று பெரிய பிரசங்கம் செய்திருக்கிறேன். அப்படிக் கதைத்தவன் தன் கைக்கு அதே நிலை வரும்போது உயரமானவனை உள்ளே விட்டால் அந்தக் கணித ஆசிரியரின் முகத்தில் எப்படி முழிப்பது? பதினொரு செக்கன் இருக்க இதையெல்லாம் யோசித்தேனா என்றால், இல்லை. யோசிக்கத் தேவையில்லாமல் கை தானாக பெஞ்சைக் காட்டியதுதான் எனக்கு இப்போது கரைச்சலாக இருக்கிறது.

மட்டக்களப்பிலிருந்து வான் வண்டியில் திரும்பினோம். ஓட்டமாவடியில் ஒரு கடையில் இருபது பார்சல் புரியாணிக்குக் காலையிலேயே சொல்லிவைத்திருந்தேன். டிரைவர் வேகத்தைக் குறைக்க, "வேண்டாம், போங்க" என்றேன். பிற்காலத்தில் ஒரு விஷயம் வாசித்தேன். ஆறாவது ஆட்டம் தோற்ற அன்றிரவு, வெற்றி விருந்துக்கென்று ஒழுங்கு செய்திருந்த அதே உணவகத்துக்கு பொப்பவிச் முழு டீமையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஒருத்தரும் தனியே அறைக்குள் போய்ப் படுக்கக்கூடாது என்று. அந்த மனிசனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஆளை இருத்துகிற வித்தையை மட்டும்தான்.

வாகரை தாண்டி வெருகல் வரும்வரை யாரும் கதைக்கவில்லை. பதினான்கு எனக்குப் பின்சீட்டில். முழங்கால் என் சீட்டில் முட்டிக்கொண்டிருந்தது, அவனுடைய காலுக்கு எந்த வானும் காணாது. அவன்தான் தொடங்கினான்.

"சேர், என்னை ஏன் எடுத்தனீங்க?"

கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல். நானும் விளங்கப்படுத்தியிருக்கலாம். பலகையில்லாமல் விளங்கப்படுத்த எனக்குப் பஞ்சியோ, பயமோ. "தம்பி, உலகத்திலயே பெரிய கோச். அவரே டங்கனை எடுத்தவர். டங்கன் ஏதும் கேட்டவரே?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "டங்கனுக்கு அடுத்த சீசன் இருக்கு சேர். எனக்கு அடுத்த மாசம் ஏ.எல். சோதனை."

அவ்வளவுதான். கிண்ணியாப் பாலம் வந்தது, எல்லாரும் வெளியே பார்த்தார்கள், ஊர் வந்துவிட்டது.

இதற்கு நான் மனதுக்குள் சொல்லாத பதில் இல்லை. ஒரு பெடியனின் கடைசி மட்ச் என்பதற்காக பதினொரு பேரின் மட்சைப் பணயம் வைக்கலாமா? கூடாது. ஆனால் அவன் சொன்னது வேறு. தொழில்முறை டீமுக்கு வருசத்துக்கு 82 ஆட்டம், அதன் பிறகு பிளேஓப். ஒரு பிழை அந்தக் கடலில் கரைந்துவிடும். அடுத்த வருசம் அதே ஆள், அதே சட்டை, அதே சம்பளம். எங்களுக்கு வலயம், மாகாணம், அதிர்ஷ்டம் இருந்தால் தேசிய மட்டம். எல்லாம் சேர்த்து ஆறேழு மட்ச். பத்தொன்பது வயது முடிந்தால் சட்டையைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான். நான் கடன் வாங்கிய கணக்கு, திரும்பத் திரும்ப விளையாடக் கிடைக்கிறவர்களுக்கான கணக்கு.

அந்த வீதியில் அடுத்த வருசம் என்ற பேச்சை எடுக்கவே கூடாது. எனக்குப் பந்து பிடிக்கச் சொல்லித்தந்தவர், யூஜின் ஹேபர்ட் அடிகளாரிடம் பழகியவர். அடிகளார், அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்து கிழக்கில் எத்தனையோ பெடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கிய யேசுசபைத் துறவி. 1990 ஓகஸ்ட்டில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர், இன்றுவரை போய்ச் சேரவில்லை. அந்தத் தலைமுறைக்கு எத்தனை சீசன் இடையில் அறுந்தது என்று பதினான்குக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் டங்கன் கதை சொன்னேன்.

அடுத்த வருசம் ஸ்பர்ஸ் 62 வெற்றி. அந்த சீசனில் அவர்களுடைய ஆட்டக்காரர் ஒருவர்கூட சராசரி முப்பது நிமிடம் விளையாடவில்லை, எல்லாருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தார் பொப்பவிச். இறுதியில் மறுபடியும் மியாமி. முதல் ஆட்டத்தில் சான் அன்டோனியோ அரங்கின் ஏசி பழுதாகி, வெப்பம் 32 பாகையைத் தொட, லெப்ரோனுக்குக் கால் தசை பிடித்துக்கொண்டது, தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் பெடியன்கள் பின்னேரம் இரண்டரை மணிக்குச் சீமெந்துத் தரையில் பிராக்டிஸ் செய்கிறவர்கள். அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஜூன் 16, திங்கட்கிழமை காலை. ஐந்தாவது ஆட்டம். தொடக்கத்தில் 22–6 என்று பின்னுக்கு நின்று, 104–87 என்று வென்று, நாலுக்கு ஒன்று என்று கிண்ணத்தை எடுத்தார்கள். காலைக் கூட்டத்தில் தேவாரம் பாடிக்கொண்டிருக்க, காற்சட்டைப் பைக்குள் போன் நடுங்கியது. பதினான்கு. ஒரு வருசமாக ஒரு தொடர்பும் இல்லை.

"சேர் டங்கன் வென்றுட்டார்."

குத்திக்காட்டினானா, இல்லை என்னை மன்னித்துவிட்டானா, இல்லை விளையாட்டுப் பைத்தியம் பிடித்த ஒருவன் இன்னொருவனுக்குச் செய்தி சொன்னது மட்டும்தானா? அன்று முழுக்க யோசித்து, பின்னேரம் "ஓம் தம்பி, பார்த்தனான்" என்று அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை.

இதை எழுத உட்கார்ந்தபோது இன்னொரு விஷயத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடலாம் என்று பழைய பைலை எடுத்தேன். தோற்ற அடுத்த திங்கள் அதிபர் கூப்பிட்டுக் கேட்டார், அந்த உயரமான பெடியனை ஏன் எடுத்தீர்கள் என்று. மாறிப் பிடிப்பது, கோட்டுக்கு வெளியே மறிப்பது எல்லாம் அவருக்கு விளங்காது. "நாலு பவுல் சேர், இன்னொண்டு அடிச்சால் வெளியில" என்றேன். அது எல்லாருக்கும் விளங்குகிற காரணம். பெற்றோருக்கும் அதையே சொன்னேன், பழைய மாணவருக்கும் அதையே. சொல்லிச் சொல்லி எனக்கும் அதுவே ஞாபகமாகிவிட்டது. உண்மையிலேயே நாலு பவுல் இருந்ததாக்கும் என்று நம்பித்தான் ஸ்கோர் ஷீட்டைத் தேடினேன். இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை.

ஸ்கோர் ஷீட்டின் கடைசிக் கார்பன் பிரதிதான் தோற்ற டீமுக்கு வரும். ஏற்கெனவே மங்கல், இப்போது இன்னும் மங்கல். பதினான்குக்கு நேரே ஐந்து பவுல் கட்டம். முதல் மூன்றில் எழுத்து இருக்கிறது. நாலாவதிலும் ஏதோ தெரிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்தேன். மனம் குளிர்ந்துவிட்டது என்றே சொல்லவேண்டும். பிறகுதான் பார்த்தேன், அது எழுத்தல்ல, கோடு. ஆட்டம் முடிந்த பிறகு வெறுமையாக இருக்கிற கட்டங்களை ஸ்கோரர் குறுக்கே வெட்டிவிடுவார். அந்தக் கோடு நாலிலிருந்து ஐந்துவரை ஒரே இழுவையாகப் போகிறது.

மூன்று பவுல். அவனுக்கு அது தெரியும். தன்னுடைய பவுலை எண்ணாத ஆட்டக்காரன் இல்லை. நான் ஊர் முழுக்க நாலு என்று சொல்லித்திரிந்ததும் அவன் காதுக்குப் போயிருக்கும், இது சின்ன ஊர். ஒரு நாளும் வந்து திருத்தவில்லை.

சரி, பவுல் பொய். ஆனால் முடிவு? இன்றைக்கும் இரண்டு புள்ளி முன்னுக்கு நின்று, பதினொரு செக்கன் இருந்து, எதிரில் மூன்று எறிகாரர் இருந்தால் நான் உயரமானவனைத்தான் எடுப்பேன். போன வருசம்கூட எடுத்தேன். அன்று பந்து வேறு பக்கம் துள்ளியது, வென்றோம், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஷீட்டை மடிக்கும்போது ஏழாம் இலக்கத்தின் வரி கண்ணில் பட்டது. ஒரே ஒரு பவுல். அந்தக் கடைசிப் பவுல். அன்று வானில் அவன் எங்கே இருந்தான் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகத்தில் இல்லை. கடைசி வரிசையாக இருக்கலாம். இவ்வளவு காலமும் பதினான்கின் கேள்வியையே உருட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தடி ஐந்து அங்குலப் பெடியனை வளையத்துக்குக் கீழே நிறுத்தியது யார் என்று ஏழு கேட்கவே இல்லை. அடுத்த கிழமை பிராக்டிஸுக்கு அவன் வரவில்லை, அதற்கடுத்த கிழமையும் இல்லை. பதினொராம் வகுப்புப் பெடியன், இன்னும் இரண்டு சீசன் அவனுக்கு இருந்தது. சோதனைக்குப் படிக்கிறானாக்கும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன் கடை வைத்திருக்கிறான். வாசலில் நின்று, "சேர் வாங்க, டீ குடிப்பம்" என்று கூப்பிடுவான். அவசரமாகப் போகிறேன் தம்பி என்பேன். நான் ரீலோட் போடுவது அதிலிருந்து இரண்டு கடை தள்ளி.