யமமோட்டோவா, ஃபிளாஹெர்ட்டியா? லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சனிக்கிழமை

முதலில் அந்த பஸ்ஸைத் திட்டித் தீர்த்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். சான் ஹோசேயில் இரவு ஏறினால் விடிகாலையில் லாஸ் ஏஞ்சலஸ் என்று போட்டிருந்தார்கள். வண்டி வந்ததே ஒன்றரை மணி நேரம் தாமதமாக. உள்ளே எலும்பு நடுங்கும் அளவுக்கு ஏசி. குறைக்கச் சொன்னால், "இது இப்படித்தான் ஓடும்" என்கிறார் ஓட்டுநர். என் சீட் சாயவே இல்லை. விமானத்தில் போயிருக்கலாமே என்பீர்கள். மேல்மாடியில் ஒரு மூலை டிக்கெட்டை மறுவிற்பனையில் வாங்கியதற்கே கையிருப்பு காலி. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸும் சான் டியாகோ பாட்ரேஸும் மோதும் பேஸ்பால் ப்ளேஆஃப் (நாக்அவுட்) தொடரின் முதல் ஆட்டம் அது, 2024 அக்டோபர் 5. சும்மா விடுவார்களா?

பஸ் கெடுத்த மனநிலையை ஃபிலிப்ஸ் என்ற சாண்ட்விச் கடை சரிசெய்தது. யூனியன் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். 1908 முதல் இருக்கும் கடை. தரையில் மரத்தூள் தூவியிருக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்களோடு நீள மேசையில் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். நான் வாங்கியது ஆட்டுக்கறி சாண்ட்விச். ரொட்டியைக் கறி வெந்த சாற்றில் முக்கி எடுத்து, நடுவில் கறியை அடுக்கித் தருகிறார்கள். மேசையில் இருக்கும் கடுகு விழுதை ஒரு துளி அதிகம் வைத்தால் மூக்கு வழியாகப் புகை வரும். அத்தனை காரம், அத்தனை ருசி. லாஸ் ஏஞ்சலஸ் போகிறவர்கள் தவறவிடவே கூடாது.

மேசை முழுக்க நீலச் சட்டைகள், எதிரே பழுப்பும் மஞ்சளுமாக இரண்டு பாட்ரேஸ் ரசிகர்கள். பேச்சு ஒன்றே ஒன்றுதான்: முதல் ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் யாரைப் பந்து வீச இறக்குவது?

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரிக்கெட்டில் பும்ரா பத்து ஓவர் போட்டுவிட்டு இரண்டு நாளில் மறுபடி வருவார். இங்கே முதல் பந்திலிருந்து வீசும் ஸ்டார்டிங் பிட்சர் ஒரு ஆட்டம் போட்டால் நான்கைந்து நாள் கையை ஆறப்போட வேண்டும். முதலில் மூன்று ஆட்டம் ஜெயிக்கும் அணி முன்னேறும் இந்த ஐந்து ஆட்டத் தொடரில் முதல் நாள் யார் என்று முடிவு செய்தால், கடைசி நாள் யார் என்பதும் அதோடு முடிவாகிவிடும்.

டாட்ஜர்ஸ் ரசிகர்களின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2023இல் இதே சுற்றில் அரிசோனா அணியிடம் மூன்று ஆட்டமும் தோற்றார்கள். ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; மூன்று ஸ்டார்ட்டர்களும் சேர்ந்து ஐந்து இன்னிங்ஸைக்கூட முடிக்கவில்லை. இந்த வருடம் பிட்சர்களுக்கெல்லாம் காயம்: கிளாஸ்னோவுக்கு முழங்கை, கெர்ஷாவுக்குக் கால் பெருவிரல், கேவின் ஸ்டோனுக்குத் தோள்பட்டை. பந்தும் வீசி மட்டையும் பிடிக்கும் ஓட்டானி முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பிறகு இந்த 2024 சீசனில் மட்டை மட்டும்தான் பிடிக்கிறார். மிச்சம் இருப்பது யமமோட்டோ, ஃபிளாஹெர்ட்டி, பியூலர்.

என் பக்கத்தில் கெர்ஷாவின் 22ஆம் எண் சட்டை போட்ட பெரியவர். "ஃபிளாஹெர்ட்டிதான்! பர்பேங்க்கில் வளர்ந்த பையன், இந்த ஊர் அவனுக்குப் பயமில்லை" என்று மேசையைத் தட்டினார். எதிரே இருந்தவர் சிரித்தார். "யமமோட்டோவையே போடுங்கள். மார்ச்சில் சியோலில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து ரன் எடுத்தோமே!" பாட்ரேஸ்காரர்களுக்கும் கவலை இல்லாமல் இல்லை. அவர்களுடைய பிட்சர் மஸ்குரோவ் முந்தின சுற்றில்தான் முழங்கை போய் வெளியேறியிருந்தார். பெரியவர் விடவில்லை. 1981 உலகத் தொடரின் (இறுதித் தொடர்) ஒரு ஆட்டத்தில் டாட்ஜர்ஸின் ஃபெர்னாண்டோ வாலென்சுவேலா 147 பந்து வீசி நியூயார்க் யாங்கீஸை ஒற்றை ஆளாக முடித்ததைச் சொல்லும்போது, கையிலிருந்த சாண்ட்விச்சிலிருந்து சாறு முழங்கை வரை வழிந்தது. அவர் கவனிக்கவே இல்லை.

நான் யமமோட்டோ கட்சி. 12 வருடத்துக்கு 32.5 கோடி டாலர் கொடுத்ததற்காக அல்ல, காலண்டருக்காக. இந்த வருடம் அவர் ஒருமுறைகூட நான்கே நாள் ஓய்வில் இறங்கவில்லை. 5ஆம் தேதி போட்டால், 11ஆம் தேதி ஐந்தாவது ஆட்டத்துக்குள் முழுசாக ஐந்து நாள் கிடைக்கும். 6ஆம் தேதி போட்டால் ஒரு நாள் குறைகிறது. இதைச் சொன்னதும் பெரியவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, "ஐந்தாவது ஆட்டம் வரும் என்றே ஏன் நினைக்கிறாய்?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் பாட்ரேஸ் இந்த சீசனில் டாட்ஜர்ஸோடு ஆடிய 13 ஆட்டத்தில் 8 ஜெயித்திருக்கிறார்கள்!

ஸ்டேஷனிலிருந்து மைதானத்துக்கு பஸ் இலவசம், டிக்கெட்டைக் காட்டினால் போதும். பார்க்கிங்குக்குக் காசு அழ வேண்டியதில்லை.

டாட்ஜர்ஸ் மேனேஜர் ராபர்ட்ஸ் யமமோட்டோவைத்தான் இறக்கினார். முதல் இன்னிங்ஸிலேயே பாட்ரேஸுக்கு மூன்று ரன், மச்சாடோவின் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) உட்பட. அரங்கமே வாயடைத்துப்போனது. இரண்டாவது இன்னிங்ஸில் ஓட்டானி பாட்ரேஸ் பிட்சர் டிலன் சீஸின் பந்தை வலப்பக்கக் கூட்டத்துக்குள் அனுப்பினார், ஒரே அடியில் மூன்று ரன், 3-3. நான் முன்பின் தெரியாத யாரையோ கட்டிப்பிடித்துக் கத்திக்கொண்டிருந்தேன். யமமோட்டோ மூன்று இன்னிங்ஸில் ஐந்து ரன் கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் புல்பென் (மாற்றாக வரும் பிட்சர்கள்) ஆறு இன்னிங்ஸில் ஒரு ரன்கூட விடவில்லை. டியோஸ்கார் ஹெர்னாண்டஸ் டாட்ஜர்ஸுக்கு முன்னிலை வாங்கித் தந்தார். 7-5, ஜெயித்தாயிற்று!

வெளியே வந்தால் ஒரு டாக்ஸிக்காரர், மூன்று கிலோமீட்டருக்கு 50 டாலர் என்கிறார். பகல் கொள்ளை. இலவச பஸ் வரிசையோ நகரவில்லை. சைனாடவுன் வழியாக இறக்கம்தான், தாராளமாக நடக்கலாம், வழி நெடுக நீலச் சட்டைகள் கூடவே வருகின்றன. அந்த 50 டாலரைக் கொடுக்காதீர்கள்.

இப்போது ஞாயிறு மதியம். இன்று இரண்டாவது ஆட்டத்தில் ஃபிளாஹெர்ட்டியும் பாட்ரேஸின் டார்விஷும் மோதுகிறார்கள். நேற்று அடி வாங்கினாரே என்று யமமோட்டோவை ஒதுக்கினால் அது பெரிய தப்பு. ஐந்தாவது ஆட்டம் வந்தால் பந்து அவர் கையில்தான் இருக்க வேண்டும். அதற்கு டிக்கெட் என்ன விலை என்று காலையிலேயே பார்த்துவிட்டேன்: நேற்றையதைவிட அதிகம்.