ஆனைமலைத் தோட்டத்தில் ஆல்டி ஆம்பர் ஏல்

ஆடி மாதம் உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறுகிறவர்களுக்கு ஒரு யோசனை: டிக்கெட்டைச் சட்டைப்பையில் போட்டுவிடுங்கள். கிணத்துக்கடவு தாண்டினால் காற்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுப் பக்கம் முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு வாயைத் திறந்துவிட்டிருக்கிறது. அது வழியாக வருகிற காற்று முழுக்க நம் தென்னைகள் மேல்தான் வந்து விழுகிறது. பொள்ளாச்சியில் இறங்கி டீ குடித்துவிட்டு ஆனைமலை டவுன் பஸ். மாசாணியம்மன் கோயில் கூட்டம் இறங்கியபிறகுதான் உட்கார இடம் கிடைத்தது.

மாமன் மகன் இங்கிலாந்திலிருந்து லீவில் வந்திருந்தான். "வாங்க மாப்ள, உங்களுக்குன்னு ஒரு ஐட்டம் எடுத்தாந்திருக்கறேன்" என்று போனில் பில்டப் கொடுத்ததில் நான் ஸ்காட்ச் என்றே முடிவு கட்டியிருந்தேன். சூட்கேஸில் ஜீன்ஸ் பேண்ட்டுக்குள் சுருட்டி வைத்திருந்தது ஆம்பர் ஏல் என்கிற பீர், அரை லிட்டர் பாட்டில்கள் நான்கு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வரி கட்டாமல் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர். அந்தச் சலுகை மொத்தத்தையும் ஆல்டியில் வாங்கிய மலிவு பீருக்குச் செலவழித்த ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். மாமா சிரிக்கவே இல்லை. "பெட்டி கூலிக்காவது ஆவுமா?" என்று மட்டும் கேட்டார்.

ஆல்டி ஜெர்மன்காரர்களின் மலிவு விலை சூப்பர் மார்க்கெட். சரக்கை அலமாரியில் அழகாக அடுக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள், வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அப்படியே வைத்துவிடுவார்கள். பெரும்பாலும் சொந்த லேபிள்தான். பீரை வேறு ஒரு கம்பெனி காய்ச்சிக் கொடுக்கும், பெயர் மட்டும் கடையுடையது. விளம்பரச் செலவு இல்லாததால் பாட்டில் இரண்டு பவுண்டுக்குள் அடங்குகிறது. பப்பில் ஒரு கிளாஸ் குடிக்கும் காசுக்கு ஆல்டியில் இரண்டு பாட்டில் வாங்கிவிடலாம் என்றான். பால், பிரெட் எடுத்துப் போட்ட கூடையிலேயே இதையும் போட்டு ஒரே பில். டாஸ்மாக் கம்பிக்குள் கையை விட்டு, மீதிச் சில்லறை வருமா வராதா என்று நிற்கிற நமக்கு அது வேறு உலகம். 2003 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் சில்லறை மதுக்கடை என்றால் அது ஒன்றுதானே.

ஓப்பனர் இல்லை. தேங்காய் போடுகிற அண்ணன் கொடுவாளின் முதுகால் ஒரே தட்டில் மூடியைப் பறக்கவிட்டார். அத்தை எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தார்; நான்தான் அடம்பிடித்துக் கண்ணாடி டம்ளர் கேட்டு வாங்கினேன். ஆம்பர் ஏலில் பாதி விஷயம் நிறம். வெயில் சாய்கிற பக்கம் தூக்கிப் பிடித்தால் செம்பு நிறம், மேலே இளமஞ்சள் நுரை. முளைகட்டிய பார்லியை ஈரம் காயாமல் சூட்டில் வைத்து, உள்ளேயே மாவு சர்க்கரையாக மாறியபின் வறுத்தெடுப்பார்கள். அதற்குப் பெயர் கிரிஸ்டல் மால்ட். இந்த நிறமும், குடிக்கும்போது வருகிற கேரமல் ருசியும் அதிலிருந்துதான். சாயம் கிடையாது.

முதல் வாய் ஏமாற்றம். ஃப்ரீஸரிலிருந்து வந்ததால் ஜில்லென்று இறங்கியதே தவிர ருசி என்று ஒன்றுமில்லை. "சித்த நேரம் வெச்சிருந்து குடிங்க மாப்ள, இது லேகர் இல்லீங்க" என்றான் அவன். நம் கடைகளில் கிடைப்பது அநேகமாக எல்லாமே லேகர். குளிர்ந்த நிலையில் மெதுவாகப் புளிக்க வைப்பது, குளிரக் குளிரக் குடிப்பது. ஏல் அப்படியல்ல. ஏறக்குறைய 20 டிகிரிச் சூட்டில், மேலே எழும்புகிற ஈஸ்ட்டைக் கொண்டு புளிக்க வைக்கிறார்கள். பழ வாசம் அதிலிருந்து வரும்; ஐஸாக்கினால் அந்த வாசம் அமுங்கிவிடும். பேச்சோடு பேச்சாகக் கொஞ்ச நேரம் விட்டு எடுத்தால், கவுந்தப்பாடிப் பக்கம் கரும்புப்பாகு முற்றுகிற கொட்டகையைக் கடக்கும்போது வருமே, அந்த வாசம்! பின்னால் லேசான கசப்பு. விழுங்கியபிறகு மட்டும் தண்ணீராக ஓடிவிடுகிறது, நாக்கில் நிற்பதில்லை. மலிவு தெரிகிற இடம் அதுதான். ஆனால் அந்த விலைக்கு இதைக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லேபிளில் 4.7 சதவீதம். ஸ்ட்ராங் பீர் பழகிய தோட்டத்து அண்ணன் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "கிறுகிறுப்பே இல்லீங்களே" என்று வருத்தப்பட்டார். இந்தியாவில் 5 சதவீதத்துக்கு மேல் 8 வரை ஸ்ட்ராங். பெரும்பாலோர் அதை வாங்குவது போதைக்கு. ருசிக்காகப் பீர் குடிப்பது என்பதே அவருக்கு நியாயமாகப் படவில்லை.

இரவு அத்தை பள்ளிபாளையம் சிக்கன் செய்திருந்தார். ஈரோட்டுக்கு எதிர்க்கரை ஊரின் சமையல் ஆனைமலை வரை எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது. மசாலாப் பொடி எதுவும் கிடையாது. விதை தட்டிய வரமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள். தேங்காய்ச் சில்லு தோட்டத்துக் காய். பீருக்குக் கசப்பு தருவது ஹாப்ஸ் என்கிற பூ; அந்தக் கசப்பு தூக்கலான பீரை இதோடு குடித்தால் காரம் இரண்டு மடங்காகத் தெரியும். இதில் கசப்பு குறைவு, மால்ட் இனிப்பு முன்னால் நிற்கிறது. காரம் ஏற ஏற ஒரு வாய், மறுபடி ஒரு துண்டு கறி, நடுவில் தேங்காய்ச் சில்லு. இந்த ஜோடியை இங்கிலாந்துக்காரன் ஒருவனும் பார்த்திருக்க மாட்டான். பிறகு வந்த அரிசிம்பருப்புச் சோற்றோடு துளியும் சேரவில்லை; நெய் மணத்துக்கு முன்னால் பீர் புளிப்பாகிவிட்டது.

அம்முச்சி திண்ணையிலிருந்து கேட்டது: "ஏங்கண்ணு, அது என்ன கசாயமா?"

"ஆமாங்காத்தா, இருமலுக்கு" என்றான் பேரன். அம்முச்சி நம்பவில்லை. சாயங்காலம் இரண்டாவது பாட்டிலைத் திண்ணை வெயிலிலேயே விட்டுவிடாமல் உள்ளே எடுத்து வைத்ததும் அம்முச்சிதான். பாட்டில் பழுப்பாக இருப்பதே வெளிச்சத்தைத் தடுக்கத்தான்; ஹாப்ஸ் மேல் வெயில் பட்டால் பீர் நாறிப்போகும்.

மாமா அரை டம்ளருக்கு மேல் தொடவில்லை. "இத்தனை மரம் வெச்சிருக்கறேன். பாளையைச் சீவிக் கலயம் கட்டுனா காலைல எறக்குனது மத்தியானத்துக்குள்ள தானாப் புளிச்சு நிக்கும். ஈஸ்ட்டும் வேண்டாம், ஆல்டியும் வேண்டாம். எறக்குனா கேஸு!" 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. மீனாட்சிபுரத்தில் கேரள எல்லையைத் தாண்டினால் போர்டு மாட்டிய கள்ளுக்கடை. ஒரே மண், ஒரே தென்னை. அவர் கோபத்தில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து டம்ளரைத் தூக்கிப் பார்த்தவர் மகனிடம் கேட்டார்: "அங்க இந்தப் பார்லிக்குக் குடியானவனுக்கு என்ன வெலை குடுக்கறாங்க?"

"தெரியலீங்ப்பா."

"அதைக் கேக்காம பாட்டிலை மட்டும் தூக்கிட்டு வந்துட்டே" என்று ஆரம்பித்தவர், கொப்பரை விலை, வெள்ளை ஈ, வேர் வாடலில் வெட்டிச் சாய்த்த மரங்கள் என்று பத்து மணி வரை போனார். மூன்றாவது பாட்டிலை நாங்கள் அப்போதுதான் திறந்தோம்.