கனடா ஸ்பான்சர்ஷிப்புக்காக பிசிசி வாங்கிய அனுபவம்

திருமணத்துக்குப் பிறகு கணவரின் ஸ்பான்சர்ஷிப்பில், அதாவது அவர் பொறுப்பேற்று அழைத்துக்கொள்ளும் முறையில், அவரிடம் செல்வதற்காகக் கனடாவுக்கு விண்ணப்பித்தவர்களிடம் படிவங்களைப் பற்றியும் திருமணப் புகைப்படங்களைப் பற்றியும் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். குற்றப் பதிவு ஏதுமில்லை என்று காட்டும், பிசிசி என்று நாம் சுருக்கிச் சொல்லும் காவல் துறைச் சான்றிதழைப் பற்றிக் கேட்டால், "ஐந்நூறு ரூபாய் கட்டினால் வந்துவிடும்" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். வந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் எந்தெந்த நாட்டிலிருந்து வர வேண்டும், எந்தத் தேதியோடு வர வேண்டும், அதிலுள்ள விவரங்கள் மற்ற தாள்களோடு ஒத்துப்போகின்றனவா என்பவற்றை முன்கூட்டியே யோசிக்காவிட்டால், இந்த ஒரே தாளுக்காக மொத்த விண்ணப்பமும் காத்துக் கிடக்கும். என் கணவர் கனடாவில் பிஆர் என்னும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர். நான் இந்தியாவிலிருந்து விண்ணப்பித்தவள். இதற்கு முன் மேற்படிப்புக்காக ஓராண்டுக்கும் மேல் இங்கிலாந்தில் இருந்திருக்கிறேன் என்பதால் எனக்கு இரண்டு நாடுகளின் சான்றிதழ்கள் தேவைப்பட்டன.

கனடாவின் குடிவரவுத் துறை கேட்பது இதுதான்: கடந்த பத்து ஆண்டுகளில், பதினெட்டு வயதுக்குப் பிறகு, தொடர்ச்சியாக ஆறு மாதமோ அதற்கு மேலோ வசித்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு சான்றிதழ் வேண்டும். கனடாவில் இருந்த காலத்துக்கு வேண்டியதில்லை. "தொடர்ச்சியாக" என்ற நிபந்தனை இருப்பதால், உறவினரைப் பார்க்கவும் சுற்றுலாவுக்கும் போய்வந்த நாடுகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தேதி விஷயத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். இப்போது வசிக்கும் நாட்டின் சான்றிதழ், விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். முன்பு வசித்த நாட்டின் சான்றிதழோ, அங்கே கடைசியாக ஆறு மாதமோ அதற்கு மேலோ தங்கிய காலம் முடிந்த பிறகு வழங்கப்பட்டிருந்தால் போதும்.

இந்த வேறுபாட்டை உணர்ந்தவுடனேயே எதை முதலில் தொடங்குவது என்பது தெளிவாகிவிட்டது. இங்கிலாந்துச் சான்றிதழை எவ்வளவு சீக்கிரம் வாங்கி வைத்தாலும் அது பழையதாகிவிடாது. நான் மறுபடி அங்கே போய் வசிக்கப் போவதில்லை. இந்தியச் சான்றிதழை அவசரப்பட்டு முதலில் வாங்கிவிட்டு, திருமணப் பதிவுச் சான்றிதழுக்காகவோ கணவரின் வரிக் கணக்குத் தாள்களுக்காகவோ காத்திருந்தால் அந்த ஆறு மாதம் கண்ணெதிரே கரைந்துவிடும். ஆகவே வெளிநாட்டுச் சான்றிதழ் முதலில், மற்ற தாள்கள் அடுத்து, இந்திய பிசிசி கடைசியில் என்ற வரிசையை வைத்துக்கொண்டோம். கணவர் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடித்துவிட வேண்டும் என்று நினைப்பவர்; அவரை இதற்குச் சம்மதிக்க வைப்பதே தனி வேலையாக இருந்தது.

இங்கிலாந்துச் சான்றிதழை அக்ரோ என்ற குற்றப் பதிவு அலுவலகம் வழங்குகிறது. இணையத்திலேயே விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தலாம், கைரேகை தேவையில்லை. பாஸ்போர்ட் நகலும், இப்போதைய முகவரிக்கான சான்றும், அங்கே வசித்த முகவரிகளின் பட்டியலும் வேண்டும். இந்தப் பட்டியல்தான் நேரத்தைத் தின்றது. விடுதி அறையிலிருந்து வாடகை வீட்டுக்கு எந்த மாதம் மாறினேன் என்பதைப் பழைய வாடகை ஒப்பந்தத்தையும் வங்கி அனுப்பிய மின்னஞ்சல்களையும் தேடிப் பிடித்துத்தான் எழுத முடிந்தது. இதுவரை எந்தெந்தப் பெயர்களில் அறியப்பட்டீர்கள் என்றும் கேட்கிறார்கள். பல்கலைக்கழகப் பதிவில் என் பெயரோடு அப்பாவின் பெயரும் சேர்ந்து இருந்ததால் இரண்டு வடிவங்களையும் கொடுத்தேன். வந்த சான்றிதழில் 'நோ டிரேஸ்' என்று அச்சிட்டிருந்தது; பதிவு ஏதுமில்லை என்று பொருள். 'நோ லைவ் டிரேஸ்' என்று வந்தால் பழைய பதிவு ஏதோ ஒன்று இருந்து, அது நடைமுறையில் இல்லை என்று கொள்ள வேண்டும். அப்படி வருபவர்கள் விளக்கக் கடிதம் ஒன்றையும் சேர்த்து அனுப்புவது நல்லது.

இந்தியச் சான்றிதழுக்கு வருகிறேன். காவல் துறைச் சான்றிதழ் என்ற பெயரைக் கேட்டவுடன் பலரும் காவல் நிலையத்துக்கோ தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்துக்கோ போகிறார்கள். அந்தத் தளத்தில் கிடைக்கும் சரிபார்ப்புச் சான்று வேலைக்கும் வாடகைதாரர் விவரத்துக்கும் பயன்படுவது. இந்தியக் குடிமக்களிடம் கனடா எதிர்பார்ப்பது பாஸ்போர்ட் அலுவலகம் வழங்கும் சான்றிதழை. காவல் துறை அதற்குப் பின்னாலிருந்து அறிக்கை மட்டும் அனுப்புகிறது. பாஸ்போர்ட் சேவா தளத்தில் கணக்குத் தொடங்கி, பிசிசி விண்ணப்பத்தைத் தேர்ந்தெடுத்து, எந்த நாட்டுக்கு என்பதைக் குறிப்பிட்டு, 500 ரூபாய் கட்டி, நேரம் பதிவு செய்துகொள்ள வேண்டும். நாட்டின் பெயர் சான்றிதழிலேயே அச்சாகும் என்பதால் அதில் கவனம் தேவை. வேறு நாட்டுக்காக முன்பு வாங்கியதைக் கனடாவுக்குக் கொடுக்க முடியாது. பெரிய நகரங்களின் பாஸ்போர்ட் சேவா மையங்களில் இடம் கிடைக்காதவர்கள் அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவா மையங்களையும் பார்க்கலாம். 2022 செப்டம்பர் 28 முதல் அங்கேயும் பிசிசிக்கு விண்ணப்பிக்கலாம்.

புதிதாகத் திருமணமானவர்களுக்கு உண்மையான சிக்கல் முகவரியில் இருக்கிறது. என் பாஸ்போர்ட்டில் இருப்பது பெற்றோர் வீட்டு முகவரி. திருமணத்துக்குப் பின் நான் வசித்ததோ மாமியார் வீட்டில். பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியையே கொடுத்துவிடு, கேள்வி வராது என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் விசாரணைக்கு வரும் காவலர் கதவைத் தட்டும்போது அங்கே நாம் இருக்க வேண்டும்; அதைவிட முக்கியமாக, கனடாவுக்கு அனுப்பும் படிவத்தில் திருமணத்துக்குப் பிறகு எங்கே வசிக்கிறேன் என்று மாதவாரியாக எழுதப் போகிறேன். கணவன் மனைவி உறவு உண்மையானதா என்று துருவிப் பார்க்கும் அதிகாரியின் கையில், ஒன்றுக்கொன்று முரணான இரண்டு முகவரிகளை நாமே கொடுப்பது புத்திசாலித்தனம் அல்ல. எனவே ஆதாரில் முகவரியை மாற்றி, புகைப்படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக்கிலும் அதையே பதிந்துகொண்ட பிறகுதான் விண்ணப்பத்தில் மாமியார் வீட்டு முகவரியைக் கொடுத்தேன்.

மையத்தில் ஏ, பி, சி என்று மூன்று கவுன்டர்கள். முதலாவதில் புகைப்படம் எடுத்து ஆவணங்களை ஸ்கேன் செய்கிறார்கள். அடுத்த இரண்டில் அரசு அலுவலர்கள் மூலப் பத்திரங்களைச் சரிபார்க்கிறார்கள். இரண்டாவது கவுன்டரில் இருந்த அம்மையார் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கணவர் பேர் இதுல ஏறலையேம்மா?" என்றார். சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிய திருமணப் பதிவுச் சான்றிதழையும் கணவரின் பாஸ்போர்ட் நகலையும் நீட்டினேன். பட்டியலில் இல்லாவிட்டாலும் இந்த இரண்டையும் கையில் வைத்திருங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். பாஸ்போர்ட் முகவரியும் விண்ணப்ப முகவரியும் வேறாக இருந்ததால் அன்றே சான்றிதழ் தர இயலாது, காவல் துறை அறிக்கை வந்த பின்னரே வழங்கப்படும் என்று சொல்லி ஒப்புகைச் சீட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். முகவரி மாறாமல், பழைய காவல் துறை அறிக்கையும் தெளிவாக இருப்பவர்களுக்குக் கையோடு கிடைத்துவிடுவதும் உண்டு.

விசாரணைக்கு வந்த காவலர் கைபேசியில் அழைத்துவிட்டே வந்தார். ஆதார் நகல், பாஸ்போர்ட் நகல், புகைப்படம், அக்கம்பக்கத்தில் இரண்டு பேரின் பெயர் ஆகியவற்றை வாங்கிக்கொண்டார். எங்கள் மாமியார் அவரை உட்காரவைத்துத் திருமண ஆல்பத்தையே எடுத்துக் காட்டத் தொடங்கிவிட்டார். காவலர் கேட்டது என்னவோ, எத்தனை மாதமாக இந்த வீட்டில் இருக்கிறேன், பெயரில் வழக்கு ஏதேனும் உண்டா என்ற இரண்டு கேள்விகள்தான். பக்கத்து வீட்டாரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தது உதவியது; இல்லாவிட்டால் புது மருமகளின் முழுப் பெயர் தெரியாமல் அவர்கள் விழித்திருப்பார்கள். பணம் எதையும் அவர் கேட்கவில்லை. இணையத்தில் கட்டியதைத் தவிர இதற்கு வேறு கட்டணம் கிடையாது என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரியப்படுத்திவிடுங்கள். கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது.

சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், நாட்டின் பெயர், வழங்கிய தேதி ஆகிய நான்கையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். பிறகு ஐஎம்எம் 5669 என்ற பின்புலப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்தாண்டு வரலாற்றையும் முகவரிப் பட்டியலையும் சான்றிதழ்களோடு ஒப்பிட்டோம். படிவத்தில் ஒரு மாதம்கூட இடைவெளி இருக்கக் கூடாது. படிப்பு முடிந்து வேலை தேடிய மாதங்களையும் அப்படியே எழுத வேண்டும். அக்ரோவுக்குக் கொடுத்த தேதிகளைத் தனித் தாளில் குறித்து வைத்திருந்ததால், இங்கிலாந்துப் பகுதியை நிரப்ப மறுபடி மின்னஞ்சல்களைக் கிளற வேண்டியிருக்கவில்லை.

பெயரைப் பொறுத்தவரை நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் முழுப் பெயரையும் குடும்பப் பெயருக்கான இடத்தில் எழுதிவிட்டு, சொந்தப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட வேண்டும் என்பது கனடாத் துறையின் அறிவுறுத்தல். கணவரின் பெயரைப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஆசை இருந்தால் அதைப் பாஸ்போர்ட்டில் மாற்றிய பின் வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் மட்டும் புதுப் பெயர் வந்தால் சான்றிதழில் இருப்பவர் வேறு ஆளாகிவிடுவார்.

கணவன் மனைவி ஸ்பான்சர்ஷிப்பில் இந்தச் சான்றிதழ்களை விண்ணப்பத்தோடு சேர்த்தே தர வேண்டும். ஐஎம்எம் 5533 என்ற சரிபார்ப்புப் பட்டியலில் அதற்கென இடம் இருக்கிறது. இல்லாமல் அனுப்பினால் முழுமையற்றது என்று மொத்தமாகத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். இரண்டையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து பதிவேற்றினோம். பின்பக்கத்தில் முத்திரை இருந்தால் அந்தப் பக்கத்தையும் சேர்க்க வேண்டும். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத சான்றிதழுக்கு முறையான மொழிபெயர்ப்பும் வேண்டும்; எனக்கு அந்தச் செலவு வரவில்லை. பரிசீலனை நீண்டுகொண்டே போனால் புதிய பிசிசி கேட்கும் உரிமை அதிகாரிக்கு உண்டு. அப்படிக் கேட்டால் இந்தியச் சான்றிதழை மட்டும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், காத்திருந்த காலம் முழுவதும் ஆதாரிலும் வங்கியிலும் முகவரியை மாற்றாமல் வைத்திருந்தேன்.