கிணற்றுக்குப் பிறகுதான் வீடு: யாழ்ப்பாணம் ரவுணுக்குள் குடிவருபவர்களுக்கு

ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ குடும்பத்தோடு வந்து ரவுணுக்குள் இருக்க நினைப்பவர்கள், வீடு பார்க்கப் போனதும் அறைகளை எண்ணுகிறார்கள். ஏசி பூட்டியிருக்கிறதா, அறையோடு சேர்ந்த குளியலறை உண்டா என்று கேட்கிறார்கள். இங்கேயே இருப்பவர் ஒருவர் வீடு பார்க்கப் போனால் நேரே கோடிப்பக்கம் நடந்து கிணற்றை எட்டிப் பார்ப்பார். அதுதான் சரியான வரிசை. பெற்றோருக்கு இது திரும்பி வந்த ஊர், வெளியே பிறந்த பிள்ளைகளுக்கு முழுக்கப் புது நாடு. இரு தரப்பையும் முதல் மாதத்திலேயே சோதிப்பது தண்ணீர்தான்.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மழைக்கு மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்று உண்டு. மற்றதெல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர். அந்த நல்ல தண்ணீர் அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே இருப்பதில் கொஞ்சம் குறைந்தாலே அடியிலிருந்து உப்பு விறுவிறென்று ஏறிவிடும். ரவுண் கடனீரேரியின் கரையிலேயே இருப்பதால் இந்த நல்ல தண்ணீர்ப் படை இங்கே இன்னும் மெல்லியது. நாவாந்துறை, கொட்டடி, குருநகர்ப் பக்கம் பல கிணறுகள் உவர். நல்லூர், திருநெல்வேலிப் பக்கம் போகப் போகத் தண்ணீர் நன்றாகும். ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டுக் கிணறு நல்ல தண்ணீராகவும் நாலு வீடு தள்ளி உவராகவும் இருப்பது சாதாரணம். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பி முற்பணம் கொடுக்க வேண்டாம்.

தை, மாசியில் வீடு பார்த்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். மாரி முடிந்து நீர்மட்டம் உயர்ந்திருக்கும் காலம் அது. உண்மை தெரிவது ஆவணி, புரட்டாதியில், மழைக்குச் சற்று முன்பு. அந்தக் காலத்தில் வந்து பார்க்க முடியாவிட்டால், வீட்டுக்காரரிடம் "புரட்டாதியிலை தண்ணி எப்பிடி?" என்று நேரடியாகக் கேளுங்கள். பிறகு வாயில் வைத்துப் பாருங்கள். மோட்டர் போடும் முன் ஒரு வாய், அரை மணித்தியாலம் இறைத்த பிறகு ஒரு வாய். இரண்டாவது கரித்தால் அந்தக் கிணறு கூடுதலாக இறைப்பதைத் தாங்காது. அப்படியான கிணற்றில் பெரிய மோட்டர் பூட்டி ஒரே மூச்சில் டாங்கியை நிரப்பக்கூடாது. அரைக் குதிரைவலு மோட்டரே போதும். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று இறைத்து 1000 லீற்றர் டாங்கியை நிரப்பினால் உப்பு மேலே வராது. "ஆழமாகக் குழாய்க்கிணறு அடித்தால் நல்ல தண்ணீர் வரும்" என்று யாராவது சொன்னால் ரவுணுக்குள் அதைச் செய்யாதீர்கள். ஆழம் போகப் போக உப்புக்குத்தான் கிட்டப் போகிறீர்கள்.

அடுத்தது மலக்குழி. நகருக்குப் பொதுவான கழிவுநீர்க் குழாய் அமைப்பு இல்லை. ஒவ்வொரு வளவுக்குள்ளும் ஒரு குழி இருக்கிறது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே குறைந்தது 50 அடி வேண்டும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் அளவு. உங்கள் வளவுக்குள் அது இருக்கலாம். ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குழி எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு பரப்புக் காணி என்றால் 10 பேர்ச், அதாவது 2722 சதுர அடிதான். இரண்டு பரப்புக்குள் வீடும் கிணறும் மலக்குழியும் வந்துவிட்டால் 50 அடிக்கு எங்கே போவது? சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகளும் துவாரங்களும் நிறைய இருப்பதால் அழுக்கு மணலில் போல மெல்ல வடிகட்டப்படாமல் நேரே போய்ச் சேரும். குழி அடி திறந்ததா, சீமெந்து போட்டு அடைத்ததா, கடைசியாக எப்போது பவுசர் வந்து இறைத்தது என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் எல்லாம் சரி என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. கிருமிக்கு அது சரி. நைத்திரேற்றுக்குச் சரியல்ல. தோட்டத்து உரத்தாலும் மலக்குழியாலும் சேரும் நைத்திரேற்று கொதிக்கவைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கு இதற்கு மேல் போனால் இரத்தத்தில் ஒட்சிசன் ஏறாமல் உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. கைக்குழந்தையோடு வருபவர்கள் இந்த ஒரு விஷயத்தில் விளையாட வேண்டாம். பரிசோதனைக்குத் தண்ணீர் கொடுக்கும்போது நைத்திரேற்று, கடினத்தன்மை, உவர்த்தன்மை, ஈ-கோலி என்று நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். எங்கே கொடுப்பது என்பதை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். மண்சட்டி வடிகட்டியோ மெழுகுதிரி வடிவ வடிகட்டியோ நைத்திரேற்றை எடுக்காது. ஆர்ஓ இயந்திரம் எடுக்கும்.

கடினத்தன்மை ஆளைக் கொல்லாது, பொறுமையைக் கொல்லும். கேத்தலின் அடியில் வெள்ளைக் கல் படியும். சவர்க்காரம் நுரைக்காது. சுடுதண்ணீர் ஹீற்றரின் கம்பி கல் மூடி எரிந்துபோகும். பருப்பு நேரத்துக்கு அவியவில்லை என்றால் பருப்பில் பிழையில்லை, வாங்கிய தண்ணீரில் ஒருமுறை அவித்துப் பாருங்கள். கேத்தலுக்கு வாரம் ஒருமுறை வினாகிரியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றிக் கொதிக்கவைத்து அரை மணித்தியாலம் விட்டால் கல் கழன்றுவிடும்.

2024 ஆகஸ்டில் வடமராட்சி கிழக்கில் உள்ள தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. ரவுணுக்குள் குழாய்த் தண்ணீரின் கதையே இதனால் மாறிக்கொண்டிருக்கிறது. வாடகை பேசும் முன் அந்த வீட்டுக்கு இணைப்பு இருக்கிறதா, மீற்றர் ஓடுகிறதா, பழைய பில் நிலுவை உண்டா என்று பாருங்கள். இணைப்பு இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் குழாய், குளிக்கவும் தோய்க்கவும் மரத்துக்கும் கிணறு என்று பிரித்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே டாங்கியில் விடாதீர்கள்.

மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை. 2008 நவம்பரில் நிஷா புயலும் 2024 நவம்பர்க் கடைசியில் வந்த மழையும் எந்தெந்த ஒழுங்கைக்குள் தண்ணீர் நிற்கும் என்பதைக் காட்டிவிட்டுப் போயின. வீட்டு மதிலில் நீர்க்கோடு தெரிகிறதா பாருங்கள். புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தால் எதிர்வீட்டு மதிலைப் பாருங்கள். வெள்ளம் வந்து வடிந்தால் கிணற்றுக்குள்ளும் அழுக்கு இறங்கியிருக்கும். அதை முழுக்க இறைத்துக் குளோரின் போட்ட பிறகே பாவிக்கலாம்.

மழையோடு டெங்கு வரும். கார்த்திகை முதல் தை வரைதான் உச்சம். நுளம்பு பெருகும் இடங்களில் பூச்சாடித் தட்டும் சிரட்டையும் எல்லோருக்கும் தெரியும். மறந்துபோவது கூரைப்பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, விருந்தினர் அறையில் பாவிக்காமல் கிடக்கும் கொமட், மூடி சரியாகப் பொருந்தாத டாங்கி. கிணற்றுக்குச் சிறுகண் வலை போட்டு, உள்ளே கப்பி மீன் நாலைந்து விட்டால் குடம்பிகளைத் தின்றுவிடும். சுகாதாரப் பரிசோதகர் வந்து குடம்பி கண்டால் நீதிமன்றம் வரை போகும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு அதற்குத் தடையல்ல. காய்ச்சல் என்றால் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரினும் இபுபுரோபனும் டெங்கில் இரத்தக்கசிவைக் கூட்டும். இரண்டாம் நாளும் காய்ச்சல் விடவில்லை என்றால் இரத்தப் பரிசோதனை. போதனா வைத்தியசாலை ரவுண் நடுவிலேயே இருப்பது இங்கு குடியிருப்பதன் பெரிய நன்மை. அவசர அம்புலன்சுக்கு 1990, இலவசம்.

மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். லண்டன் சாமான் அப்படியே ஓடும். அங்கத்தைய சதுரமுள் பிளக்கே இப்போது இங்கும் முறை, பழைய வீடுகளில் உருண்டை முள் துளைகள் இன்னும் இருக்கும். கனடாச் சாமான் 120 வோல்ற், நேரே குத்தினால் அந்த நிமிடமே புகைந்துவிடும். மின்மாற்றி வைத்தாலும், 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றின் மோட்டர் இங்கே மெதுவாகச் சுற்றிச் சூடேறும். அப்படியான சாமானை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள். மடிக்கணினி, போன் சார்ஜர்களில் 100–240 என்று எழுதியிருந்தால் பயமில்லை.

கடைகள் வீதி வீதியாகப் பிரிந்திருக்கின்றன. நகைக்குக் கஸ்தூரியார் வீதி, உடுப்புக்கும் பைக்கும் நவீன சந்தை, மீனுக்குச் சின்னக்கடை. மத்திய பஸ் நிலையத்தை நடுவாக வைத்துப் பிள்ளைகளை ஒருநாள் நடத்திக் காட்டினால் போதும், பிறகு அவர்களே வழி சொல்வார்கள். மீன் காலையில் வாங்க வேண்டும். செவுள் சிவப்பாகவும் கண் மேடாகவும் இருக்க வேண்டும். நண்டென்றால் விலை கேட்கும் முன் வயிற்றை அமத்திப் பாருங்கள், அமுங்கினால் உள்ளே சதையில்லை, தண்ணீர்தான். நிலவுகாலத்து நண்டு கோது என்பார்கள். போயா (பூரணை) நாளில் இறைச்சிக்கடையும் மதுக்கடையும் வங்கியும் பூட்டு. வெள்ளிக்கிழமைகளில் பல வீடுகள் மரக்கறி. அன்று விருந்துக்கு அழைத்தால் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை வெயிலுக்குள் பிள்ளைகளைக் கூட்டித் திரிய வேண்டாம். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பின்னேரம் பண்ணைக் கரையும் கோட்டைப் பக்கமும் நல்ல காற்று.

கடைக்காரரை "அண்ணை", "அக்கா" என்று கூப்பிடுங்கள், வயதானவரை "ஐயா", "அம்மா". வெளியே வளர்ந்த பிள்ளைகள் எல்லோரையும் "நீ" என்றுவிடுவார்கள், ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல்தானே. வரும் முன்பே "நீங்கள்", "வாங்கோ", "இருங்கோ" மூன்றையும் பழக்கிவிட்டால் பாதி ஊர் உங்களோடு. "எந்த ஊர், ஆற்றை பிள்ளை?" என்ற கேள்வி நாளுக்கு நாலு தரம் வரும். அது துருவல் அல்ல, உங்களை எங்கே சேர்ப்பது என்று அவர்கள் தேடுகிறார்கள். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

நல்லூரைச் சுற்றி வீடு எடுப்பவர்களுக்கு இன்னொன்று. திருவிழா 25 நாள், ஆவணி அமாவாசையன்று தீர்த்தம், அதற்கு முந்தின நாள் தேர். அந்த நாட்களில் கோவிலைச் சுற்றிய வீதிகள் வாகனத்துக்கு மூடப்படும். மூடும் எல்லைக்குள் உங்கள் படலை வருகிறதா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள், வருமென்றால் குடியிருப்பாளர் அனுமதி பற்றி மாநகர சபையில் கொடியேற்றத்துக்கு முன்பே விசாரியுங்கள். கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால் தேருக்கு முதல் நாள் இரவே வாகனத்தை எல்லைக்கு வெளியே தெரிந்தவர் வளவில் விட்டுவிடுங்கள். விடிந்தால் வீதி முழுக்கச் சனம்.