ஆசிட் பாட்டிலைத் தொடுவதற்கு முன் சேம்பரைத் திறந்து பாருங்கள்

டாய்லெட்டில் தண்ணீர் இறங்காமல் விளிம்பு வரை ஏறி நின்றால் இன்னொரு முறை ஃப்ளஷ் அழுத்தாதீர்கள். ஃப்ளஷ் தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாயிலுள்ள ஆங்கிள் வால்வை மூடிவிட்டு, வெளியே சுவரோரம் இருக்கும் சேம்பரின் (கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் சின்னத் தொட்டி) மூடியைத் தூக்கிப் பாருங்கள். சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம், பெரும்பாலும் கோப்பையின் வளைவிலேயே. நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கு அப்பால். உள்ளே என்ன செய்தாலும் பலனில்லை. வரிசையாக மூன்று நான்கு சேம்பர் இருந்தால், கடைசியாக நிரம்பி நிற்பதற்கும் அடுத்துக் காலியாக இருப்பதற்கும் நடுவில்தான் கோளாறு.

வளைவில் அடைத்திருந்தால் பிளஞ்சரே (நீளப் பிடி வைத்த ரப்பர் கிண்ணம்) போதும். தட்டைக் கிண்ணம் போன்றது இந்தியன் டாய்லெட்டுக்கு. அடியில் ரப்பர் கழுத்து நீண்டிருப்பது வெஸ்டர்னுக்கு. மாற்றி வாங்கினால் வாய் பொருந்தாது. ரப்பர் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், அதிகமாக இருந்தால் மக்கால் மொண்டு வாளியில் ஊற்றிக்கொள்ளுங்கள். பிளஞ்சரைச் சாய்த்து இறக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. காற்று மிச்சமிருந்தால் உங்கள் பலம் முழுக்க அதை நசுக்குவதிலேயே போய்விடும். முதல் அழுத்து மெதுவாக. பிறகு பிடி விலகாமல் 15, 20 தடவை அழுத்தி இழுங்கள். தள்ளுவதைவிட இழுப்பில்தான் கவனம் வேண்டும், முன்னும் பின்னும் ஆடினால்தான் இறுகியது தளரும். 'களக்' என்ற சத்தத்தோடு தண்ணீர் சுழன்று இறங்கினால் அடைப்பு விட்டுவிட்டது. அப்போதும் ஃப்ளஷ் வேண்டாம். அரை வாளி ஊற்றிப் பார்த்துவிட்டு வால்வைத் திறங்கள்.

அசையவில்லையா? பாத்திரம் கழுவும் லிக்விட் 100 மில்லி ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு கொதிநீர் ஒரு பங்குக்குக் குழாய்த் தண்ணீர் ஒன்றரைப் பங்கு கலந்து, இடுப்பு உயரத்திலிருந்து ஒரே வீச்சில் ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பீங்கான் விரிசல் விடலாம்.

சோப்புக் கட்டி, பிரஷ், பொம்மை போன்றவை விழுந்திருந்தால் பிளஞ்சரே வேண்டாம், இன்னும் ஆழத்துக்குப் போய்விடும். முழங்கை வரை கையுறை போட்டு எடுங்கள். எட்டவில்லை என்றால் பிளம்பர் கமோடைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

ஆசிட் மஞ்சள் கறையைப் போக்கும். நாப்கினையும் வெட் வைப்ஸையும் கரைக்காது. வீடுகளில் அதிகம் அடைப்பதோ இவைதான். டைல்ஸ் இடுக்கின் சிமெண்டை அது அரிக்கும், செப்டிக் டேங்கில் கழிவை மக்கச் செய்யும் பாக்டீரியாவைக் கொல்லும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்களானால் பிளஞ்சர் போடாதீர்கள், கண்ணில் தெறிக்கும். வருகிற பிளம்பரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சேம்பருக்கு அப்பால் அடைப்பு என்றால் மூங்கில் பிளாச்சோ பிளம்பரின் ஸ்பிரிங் கம்பியோ விட்டுக் குத்த வேண்டும். தண்ணீர் இறங்குகிறது, ஆனால் 'குளுக் குளுக்' என்று முனகிக்கொண்டு மெதுவாக இறங்குகிறது என்றால் மாடியில் வென்ட் பைப்பைப் பாருங்கள். கொசுவுக்காகக் கட்டிய வலையில் தூசி அப்பிக் காற்று போக வழியில்லாமல் இருக்கும். வலையை மாற்றினாலே சரியாகும்.

கடைசி சேம்பரும் நிரம்பியிருந்தால் செப்டிக் டேங்க் நிறைந்திருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலே வந்து உறிஞ்சுகுழி டேங்கின் தண்ணீரை உள்வாங்காமல் போவதாலும் இப்படி ஆகும். டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள், தீக்குச்சி கொளுத்தாதீர்கள். என்ன அவசரமானாலும் ஒரு மனிதரை உள்ளே இறக்கவே கூடாது. அதிலிருக்கும் விஷவாயு நொடியில் மயங்க வைக்கும், தூக்கப் போகிறவரையும் சேர்த்துக் கொல்லும். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும்கூட. தமிழ்நாட்டில் 14420-க்கு அழைத்தால் உறிஞ்சும் லாரிக்கு ஏற்பாடு செய்யலாம். குழாய் மட்டும் உள்ளே இறங்கினால் போதும்.